விழுந்தவன் நிற்க வேண்டிய இடம்

என் முட்டாள்தனங்களில் எதை முதலில் சொல்வது என்பதில் எனக்கே கொஞ்சம் திணறல்தான். சரக்கு அப்படிக் குவிந்து கிடக்கிறது. பூட்ஸிலிருந்து தொடங்குகிறேன். பதினான்கு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஒரு ஜோடி பூட்ஸுக்கு விளக்கெண்ணெய் தடவித் துணியால் துடைத்துப் பரணில் வைக்கிறேன். அந்தப் பதினான்கு வருஷத்தில் அதைக் காலில் மாட்டியது ஒரே ஒரு பிற்பகல். மோகனூரில், காவிரிக் கரையில், வாழைத் தோட்டத்துக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நடுவே குடியிருக்கிற ஒருவனுக்கு, அடியில் தோல் குமிழ் வைத்த பூட்ஸ் எதற்கு என்று யாரும் கேட்கலாம். என் மனைவி கேட்பதில்லை. அவள் சொல்வதோடு சரி.

“பூட்ஸுக்கு வெக்கிற எண்ணெயத் தலைக்கு வெச்சிருந்தீங்கன்னா, மாமா, இன்னிக்கு நமக்கும் ஒரு சீப்பு தேவப்பட்டிருக்கும்.”

அவள் என் தாய்மாமன் மகள். தலையைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

அந்த பூட்ஸ் ரக்பி ஆடுவதற்கானது. அந்த ஆட்டத்தை நம் பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. பக்கத்துக்குப் பதினைந்து பேர். நீளவாட்டில் ஒரு பந்து. தீனி அதிகமாகித் தடித்துப்போன கோழிமுட்டை மாதிரி இருக்கும். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், எதிராளி உன்னைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். ஆனால் பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் எறியலாம். எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தைப் பதித்துவிட்டால் புள்ளி. இவ்வளவுதான். இதற்காகப் பல் உடைந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் அதைக் கற்றது சிலோனில். என் அப்பா அங்கே மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா. ஐந்து வயதில் என்னையும் கப்பலேற்றிக் கொண்டுபோய், பிறகு ஹாஸ்டல் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே ரக்பி ஆடுகிறவர்களுக்கு மட்டும் காலையில் ஒரு முட்டை அதிகம். நான் ஆட்டத்தில் சேர்ந்ததற்கு அந்த முட்டையைத் தவிர வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. உடம்பில் சதை இல்லை, தைரியமும் இல்லை. ஆனால் தொட வருகிறவனைக் கண்டால் பயம் வரும். பயம் வந்தால் ஓடுவேன். அந்தப் பயத்தைப் பார்த்து வேகம் என்று எண்ணி, மைதானத்தின் இடது ஓரத்தில் ஓடுகிற இடத்தை எனக்குக் கொடுத்தார்கள்.

குவியலிலிருந்து பந்தை எடுத்து மற்றவர்களுக்கு எறிகிற வேலை என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு. சிங்களவன், தபால் மாஸ்டர் மகன், என் தோளுயரம்தான் இருப்பான். பின்னாளில் எங்களுக்குக் காப்டனும் ஆனான். அதனால் அவனைக் காப்டன் என்றே சொல்கிறேன். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘மோடயா’ என்பான். அவர்கள் பாஷையில் மடையன் என்று அர்த்தம். முதல் வாரம் கோபம் வந்தது. இரண்டாவது வாரம், அவன் வேறு யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

எங்கள் இருவருக்கும் ஒரு தந்திரம் இருந்தது. நான் இடது ஓரத்தில் பந்தோடு ஓடுவேன், பிடிபட்டு விழுவேன். விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். எல்லாரும் அந்தப் பந்தின் மேல் குவிவார்கள். பிடிபட்டவன் கதை முடிந்தது என்று எதிராளிகள் என்னை மறந்துவிடுவார்கள். நான் சத்தமில்லாமல் எழுந்து, மைதானத்தின் ஓரக் கோட்டுக்கும் குவியலுக்கும் நடுவே இருக்கிற அந்தக் குறுகின சந்தில் நிற்பேன். காப்டன் குவியலிலிருந்து பந்தை எடுத்து, மற்ற பக்கத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே, பார்க்காமல் என் பக்கம் எறிவான். முகம் அங்கே, பந்து இங்கே. அது நேராக என் நெஞ்சில் வந்து உட்காரும். ஒரு தடவைகூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை, ஒரு தடவைகூட நான் அங்கே இல்லாமல் போனதில்லை.

பள்ளிக்கூடம் முடிந்து, உள்ளூர்க்காரர்களுக்கென்று இருந்த ஒரு கிளப்பில் மூன்று பருவம் சேர்ந்து ஆடினோம். பிறகு தேயிலை விலை விழுந்தது, அப்பாவுக்கு வேலை போயிற்று. குடும்பத்தோடு மோகனூருக்குத் திரும்பினோம். ஸ்டேஷனுக்கு வந்த காப்டன் காற்றைப் பிடுங்கிய ஒரு பழைய பந்தை என் கையில் கொடுத்தான். “ஒரு வருஷம் தானே, மோடயா” என்றான். ஆமாம் என்றேன். தனுஷ்கோடியில் சுங்கத்துக்காரர் பெட்டியைக் கிளறி, அந்தத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இது என்னய்யா, செத்துப்போச்சா?” என்று கேட்டார். காற்றுப் போயிற்று என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

கல்யாணம் ஆயிற்று. வாழைக்குத் தண்ணீர் கட்டக் கற்றுக்கொண்டேன். அங்கே இருந்தவரை எனக்கு இந்தியாக்காரன் என்று பேர். இங்கே வந்ததும் கொளும்புக்காரர் ஆனேன். கொளும்பை நான் பார்த்தது நாலைந்து தடவை. முதல் ஒன்றிரண்டு வருஷம், கோடையில் காவிரி வற்றி மணலாகக் கிடக்கும்போது விடிகாலையில் இறங்கி ஓடுவேன். ஆரம்பத்தில் ஆற்றைக் கடக்க வந்தவர்கள், நான் எதற்காகவோ தப்பி ஓடுவதாக நினைத்து வழிவிட்டார்கள். பந்துக்குக் காற்றடித்து அதையும் எடுத்துப் போவேன். ஆனால் தனக்குத்தானே எறிந்து தானே பிடிக்கிற பந்தில் ருசி இல்லை. மேலே போட்டால் எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

என் மனைவி ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “குடுங்க மாமா, நா எறியறேன்” என்றாள். என்னைவிட நன்றாகவே எறிந்தாள். நான் ஓரமாக ஓடிப்போய் நின்று, “என்னைப் பார்க்காமல் எறி” என்றேன்.

“நீங்க எங்க நிக்கறீங்கன்னு பாக்காம எப்புடி மாமா எறியறது?”

“பார்க்காமல்தான் எறிய வேண்டும்.”

“அதுக்குப் பேரு எறியறதில்லீங்க. தொலைக்கறது.”

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். மலையில் மூடுபனி இறங்குகிற நேரம், ஈரப் புல் வாசனை, குவியலுக்கு அந்தப் பக்கம் பொய்யாகக் கத்துகிற அவன் குரல். எல்லாம் ஆற்றுமணலில் நிற்கிற எனக்குக் கேட்டது. சோறு தண்ணீருக்குக் குறைவில்லாத ஒருவன் ஒரு பந்துக்காக ஏங்குவது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே ஏங்கினேன்.

நாலாவது வருஷம் காப்டனிடமிருந்து கடிதம் வந்தது. சிலோன் அணி சென்னைக்கு வருகிறதாம், அங்கே உள்ள வெள்ளைக்காரர் கிளப்போடு ஒரு ஆட்டமாம். இடது ஓரத்தில் ஓடுகிறவனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. நீ எங்களைவிடச் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறாய், இன்னும் ஓட முடியுமானால் இரண்டு மாதத்தில் வந்து சேர், மோடயா என்று எழுதியிருந்தான். ஓட முடியும் என்று உடனே பதில் போட்டேன். போட்டுவிட்டுத்தான் ஓடிப் பார்த்தேன். கொடிக்கால் வேலி வரைக்கும் போனேன்; திரும்பி வருவதற்கு வண்டி தேவைப்பட்டது.

தனியாக ஓடி இந்த ஆட்டத்துக்குத் தயாராக முடியாது, மேலே வந்து விழ ஆள் வேண்டும். எங்கள் ஊரில் மேலே வந்து விழுவதில் பேர் போனவர்கள் சடுகுடு ஆடுகிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு கொடிக்கால்காரர். வெற்றிலை கிள்ளுகிற கை, ஆனால் கணுக்காலைப் பிடித்தால் உடும்பு. விஷயத்தைச் சொன்னேன். பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மணலுக்கு வந்துவிட்டார். பந்தில் மறுபடியும் காற்றுப் போயிருந்தது; சேலத்தில் ஒரு சைக்கிள் கடையில் அதன் ரப்பருக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக் கொண்டுவந்தேன். கடைக்காரர் எல்லாம் முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, “இதோட சைக்கிள் எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

முதல் நாளே சிக்கல். பந்தைக் கையில் வாங்கினவன் “சடுகுடு சடுகுடு” என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ஓடினான். பாட வேண்டாம் என்றேன். பாடாமல் ஓடினால் களவாணி மாதிரி இருக்கிறது என்றார்கள். சரி, பாடட்டும். அவனைப் பிடித்து வீழ்த்தினேன். அவன் எழுந்தான், மண்ணைத் தட்டினான், நேராகக் கரையில் இருந்த புங்கமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அடுத்தவனும் அப்படியே. அரை மணியில் மணலில் நானும் கொடிக்கால்காரரும்தான் மிச்சம். புங்கமரத்தடியில் பதினான்கு பேர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்த ஆட்டத்தில் பிடிபட்டவன் எழுந்து மறுபடியும் ஆடலாம்” என்றேன்.

கொடிக்கால்காரர் பந்தை மணலில் இறக்கி வைத்தார். “ஏனுங்க கொளும்புக்காரரே, ஒருக்காப் புடிச்சாச்சுன்னா புடிச்சாச்சுங்க. புடிபட்டவன் மறுக்கா எந்திரிச்சு ஆடுனா, புடிச்சவனுக்கு என்னங்க மரியாத?”

“சட்டம் அப்படி.”

“சட்டம் கெடக்குதுங்க. வெக்கம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?”

ஒரு வாரம் வாதாடினேன். பந்தைப் பின்னால் எறிவதைக்கூடச் சம்மதித்தார்கள், அதையும் முகம் சுளித்துக்கொண்டுதான். பிடிபட்ட பிறகு எழுந்து ஆடுவதற்கு மட்டும் ஒருத்தரும் இசையவில்லை. கடைசியில் நான் இறங்கி வந்தேன். பிடிபட்டவன் புங்கமரத்தடிக்குப் போக வேண்டும், அடுத்த புள்ளி விழுந்ததும் திரும்பி வரலாம் என்று வைத்துக்கொண்டோம். ஊர்ச் சட்டம் எனக்கும்தான். நான் மட்டும் எழுந்து ஆடினால் ஆளே வர மாட்டார்கள். அவர்கள் வெறுங்காலோடு ஆடியதால் நானும் பூட்ஸ் போடவில்லை. இரண்டு மாதத்தில் எத்தனை தடவை பிடிபட்டேனோ, அத்தனை தடவை எழுந்து, தட்டிவிட்டு, மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். கால் கெட்டிப்பட்டது, மூச்சும் வந்துவிட்டது. நாலு வருஷத்துக்குப் பிறகு ஓட்டத்தில் பயமும் பழையபடி திரும்பியது. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கிளம்புகிற அன்று சேலம் பஸ் ஏறுகிற இடத்துக்கு அத்தனை பேரும் வந்தார்கள். காப்டனுக்கென்று ஒரு ரஸ்தாளித் தார். “செயிச்சுப்போட்டு வாங்க” என்றார் கொடிக்கால்காரர். என் மனைவி பூட்ஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

“பாக்காமத்தான் எறிவாரா, அவரு?”

“பார்க்காமல்தான்.”

“நீங்களாச்சும் பாத்துப் புடிங்க.”

சென்னையில் காப்டன் என்னைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு குத்து விட்டான். “இங்கே புதுசாக ஏதோ வைத்திருக்கிறாய், மோடயா” என்றான். அவனுக்கும் முன்தலை ஏறியிருந்தது. வாழைப்பழத்தை எல்லாருக்கும் பங்கு போட்டான். தந்திரத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேச வேண்டியதே இல்லை என்பதுதான் அதன் அழகு.

புல்லில் பூட்ஸ் பதிந்தபோது கண் கொஞ்சம் கலங்கியது. வேலிக்கு வெளியே வேடிக்கை பார்க்க நம் ஜனங்கள் நின்றார்கள். வண்டிக்காரர்கள், பட்லர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். நான் பந்தோடு ஓடும்போது அவர்களில் ஒருவர், “அந்த ஒல்லிச் சிலோன்காரனை அமுக்குங்க துரை” என்று சொன்னது நல்ல தமிழில் என் காதில் விழுந்தது. நின்று அவருக்கு என் ஊர் எது என்று சொல்லலாம் போலிருந்தது. துரை அதற்குள் அமுக்கிவிட்டார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒரு தரம் பந்தைப் பதித்தால் சமன். அதற்குப் பரிசாகக் கிடைக்கிற உதையில் பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போனால் வெற்றி. என் கைக்குப் பந்து வந்தது. இடது ஓரத்தில் ஓடினேன். எதிர்க்கோட்டுக்குப் பத்து கஜம் இருக்கும்போது ஒரு பெரிய ஆள் இடுப்பில் பிடித்து வீழ்த்தினார். பந்தை விட்டேன். எல்லாரும் அதன்மேல் குவிந்தார்கள். ஒருத்தர் கண்ணும் என் மேல் இல்லை. நாலு வருஷமாக ஆற்றுமணலில் நான் ஏங்கிக்கொண்டிருந்த அந்தச் சந்து, கோட்டுக்கும் குவியலுக்கும் நடுவே, காலியாகத் திறந்து கிடந்தது.

நான் எழுந்தேன். மண்ணைத் தட்டினேன். ஓரக் கோட்டைத் தாண்டி வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து, புங்கமரத்தைத் தேடினேன். மரம் இல்லை. அப்போதுதான் உறைத்தது. அதற்குள் காப்டன் பந்தை எடுத்துவிட்டான். வலது பக்கம் பார்த்துக் கத்தினான். பழைய குரல், பழைய பொய். பந்து இடது பக்கம் வந்தது. நான் நின்றிருக்க வேண்டிய இடத்தின் மேலாக, என் நெஞ்சு இருந்திருக்க வேண்டிய உயரத்தில், ஒரு விரல்கூடப் பிசகாமல் பறந்து, கோட்டைத் தாண்டி, என் முழங்கால் பக்கத்தில் வந்து விழுந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் செய்த அடுத்த காரியம் முதல் காரியத்தைவிடக் கேவலம். முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

“அடிபட்டுவிட்டதா?” என்று ஓடிவந்தான் காப்டன்.

“ஆமாம்” என்றேன்.

தோற்றோம். துணி மாற்றுகிற அறையில் மற்றவர்கள் அவனைக் கேட்டார்கள், யாருக்கு எறிந்தாய் என்று. “என் தப்பு. பார்க்காமல் எறிந்துவிட்டேன்” என்றான். மறுநாள் பேப்பரிலும், சிலோன் காப்டன் யாருமே இல்லாத இடத்தில் பந்தை வீணாக்கினார் என்று வந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஸ்டேஷனில் வழியனுப்பும்போது நொண்டிக்கொண்டே பிளாட்பாரத்தில் நடந்தேன். வண்டி கிளம்புகிற சமயத்தில் அவன் என் காலையே பார்ப்பது தெரிந்தது. முந்தின நாள் ஆட்டத்தில் நான் பிடித்துக்கொண்டது வலது முழங்கால். நான் நொண்டிக்கொண்டிருந்தது இடது கால். போய் வருகிறேன் என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதுவரைக்கும் அவனுக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்ததும் கொடிக்கால்காரரிடம் மட்டும் நடந்ததை அப்படியே சொன்னேன்.

“புடிபட்டதும் வெளிய வந்து உக்காந்துட்டீங்களாக்கும்?”

“உட்கார்ந்துவிட்டேன்.”

“அதுதானுங்க மரியாத” என்றார். இரண்டு தேசத்திலும் என் ஆட்டத்தைப் புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு காப்டனிடமிருந்து கடிதம் இல்லை. நானும் போடவில்லை. யுத்தம் வந்தது, கடிதம் போடாததற்கு நல்ல சாக்காகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மட்டும் நிற்கவில்லை. துடைக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. அவன் சொன்னதுபோல அது நிஜமாகவே குறியில்லாமல் எறிந்த பந்துதானோ? அப்படியானால் நான் தோற்கடிக்கவில்லை, நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அப்படியானால் அந்தப் பந்து எனக்கு வந்ததும் இல்லை. எனக்கென்று எறிந்ததுதான் என்றால், நாலு வருஷத்துக்குப் பிறகும் திரும்பிப் பார்க்காமல் என்னை நம்பின ஒருவனை நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்றது பொய். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இதை என் மனைவியிடம் சொன்னபோது பத்து வருஷம் ஆகியிருந்தது. யுத்தமும் முடிந்திருந்தது. அவள் முறத்தில் அவரை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எறிந்தானா, சும்மா எறிந்தானா, அதுதான் தெரியவில்லை” என்றேன்.

“எறிஞ்சவரு உசுரோட இருக்காருல்ல?”

“இருப்பான்.”

“அப்பறம் பூட்ஸக் கேட்டா அது என்ன சொல்லும்? அவரையே கேளுங்க.”

நாலு பக்கம் எழுதினேன். மணல், சடுகுடு, புங்கமரம், வலது முழங்கால், இடது கால், எதையும் விடவில்லை. பேப்பரில் உன்னைத் திட்டினபோது வாய் மூடியிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். கடைசியில், அன்றைக்கு நீ எறிந்தது எனக்கா, இல்லை சும்மாவா, அதை மட்டும் சொல் என்று எழுதி, பழைய விலாசத்துக்கே அனுப்பினேன். இரண்டு மாதம் தபால்காரர் எங்கள் வாசலைப் பார்க்காமலே போனார். மூன்றாவது மாதம் ஒரு கார்டு வந்தது. நலமா என்று இல்லை, கையெழுத்தும் இல்லை. தெரிந்த எழுத்தில் ஒரே ஒரு வரி:

“உனக்குத்தான் எறிந்தேன், மோடயா.”